மடியா, சீட்டா? திருச்சி ஏர்போர்ட் வாசலில் அரை மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய அந்த இளம் அம்மாவின் ட்ராலியில் இரண்டு சூட்கேஸ்கள். அவற்றின் மேல், பிளாஸ்டிக் உறை சுற்றிய பெரிய மூட்டை ஒன்று. இடுப்பில் பத்து மாத மகள். கணவருக்கு லீவு கிடைக்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால் தனியாகத்தான் வந்திருந்தாள்.

வெளியே அவளுடைய அம்மா காத்திருந்தார். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர். அதனால் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. பேத்தியை வீடியோ காலில் மட்டுமே பார்த்திருக்கிறார். காரைக்குடியிலிருந்து வாடகை காரில் விடியற்காலையிலேயே கிளம்பி வந்துவிட்டார். குழந்தையை வாங்கிக்கொண்டவர், அதன் பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை.

"வீடு வரைக்கும் என் மடியிலதான்" என்றார் அம்மாச்சி.

மகள் பதில் சொல்லாமல் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது குழந்தைக்கான கார் சீட்.

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் போக, தகுந்த இருக்கை கட்டாயம். டாக்ஸிகளுக்கு மட்டும் விலக்கு. ஆப்பில் கூப்பிடும் வாடகை கார்களுக்கு அந்த விலக்கும் கிடையாது. அதனால் சொந்தக் கார் இல்லாத அவளிடமும் இந்த சீட் இருந்தது. கிளம்புவதற்கு முன்பே டிராவல்ஸுக்கு போன் போட்டு, "பின் சீட்டுல பெல்ட் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். "எல்லாம் இருக்கு மேடம்" என்றார்கள்.

சொன்னது பொய்யில்லை. பெல்ட் இருந்தது. அதை மாட்டும் பக்கிள்தான் ரெக்ஸின் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது.

டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கவரைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் வேர்க்கடலைத் தோல் வந்தது. அப்புறம் ஒரு ரூபாய் நாணயம். அதற்குப் பிறகுதான் பக்கிள் தலைகாட்டியது.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவர் சொன்னதும் உண்மைதான். பின்சீட் பெல்ட் என்று ஒன்று இருப்பதே, 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாள் பேசினோம். மறந்துவிட்டோம். இத்தனைக்கும் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த 194-பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த அபராதத்தைக் கட்டிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

"முன்னாடி சீட்டுல வச்சிடலாமாம்மா? இடம் தாராளமா இருக்கு" என்று டிரைவர் ஒரு யோசனை சொன்னார்.

"வேணாம்ணே. முன்னாடி ஏர்பேக் இருக்கு."

கைக்குழந்தைக்கான சீட்டைப் பின்னோக்கித்தான் வைக்க வேண்டும். குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்தோ இளசு. மோதலில் தலை முன்னால் வெட்டி இழுபடாமல், தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். அதே சீட்டை முன்பக்கத்தில் வைத்தால், வெடித்து விரியும் ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டின் முதுகில்தான் ஓங்கி அறையும். காப்பாற்ற வேண்டியதே உயிரை எடுத்துவிடும்.

அவளுடைய சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் இருந்தன. காரில் அதற்கான கம்பி இல்லை. ஆகவே பெல்ட்தான் வழி. நீலக் குறியிட்ட பாதையில் இடுப்பு பெல்ட்டை நுழைத்து, தோள் பெல்ட்டை முதுகுப்பக்கம் சுற்றிக் கொண்டுவந்தால், பக்கிளுக்கு நான்கு விரல் முன்பாகவே பெல்ட் தீர்ந்துவிட்டது. முன்சீட்டை நகர்த்தி, சீட்டைச் சாய்த்து, மறுபடி முயன்றாள். கவரை மொத்தமாகக் கழற்றி எடுத்த பிறகுதான் 'க்ளிக்' என்றது. அப்போதும் சீட் சரியாகச் சாயவில்லை; நிமிர்ந்தே நின்றது. அப்படியே விட்டால் தூங்கும் குழந்தையின் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சு அடைக்கலாம். கையேட்டைப் புரட்டினாள். அடியில் துண்டைச் சுருட்டி வைக்கலாம் என்று போட்டிருந்தது. டிரைவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து அவள் ஆட்டிப் பார்த்தாள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை.

இத்தனையும் நடக்கும்போது அம்மாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் குழந்தையை மகள் கைநீட்டிக் கேட்டபோதுதான், "நான் கீழ போட்டுருவேன்னு நினைக்கிறியா?" என்றார்.

அந்தக் கேள்விக்குக் கணக்கில் பதில் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் எதுவும் அந்தக் கணத்தில் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். எட்டரை கிலோ குழந்தை 170 கிலோ மூட்டைபோலக் கையை உதறிக்கொண்டு போய்விடும். பயில்வானாலும் பிடிக்க முடியாது. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டால், பெரியவரின் உடம்பே குழந்தையை நசுக்கும். ஆனால் பத்து மாதம் காத்திருந்த ஒரு மடியிடம் போய் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது? சொல்லலாம்தான். ஆனால் அவள் சொல்லவில்லை.

"நீ பாப்பா பக்கத்துல உக்காரும்மா. நான் முன்னாடி போறேன்" என்றாள்.

முன்சீட்டை நகர்த்தியிருந்ததால் டாஷ்போர்டில் முட்டி இடித்தது. பின்னால் அம்மாச்சி ஒரு கையால் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரலைப் பேத்தியிடம் கொடுத்திருந்தார். காரைக்குடிக்கு சுமார் 90 கிலோமீட்டர். கீரனூரைத் தாண்டுவதற்குள் குழந்தை வீறிட ஆரம்பித்தது.

"தூக்கிக்கிறேன்டி, பாவம்."

அவளுக்கும் கை பரபரத்தது. தூக்கிவிடுவாள் போலத்தான் இருந்தது. "அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

டீக்கடை ஒன்றின் அருகே வேப்பமர நிழல். அங்கே அரை மணி நேரம் குழந்தை அம்மாச்சியின் மடியில் கிடந்தது. பால் குடித்தது, பாட்டியின் மூக்குத்தியைப் பிடுங்கப் பார்த்தது. டிரைவர் இரண்டு டீ குடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. தூங்கிய பிறகு அம்மாச்சியே தூக்கி வந்து சீட்டில் கிடத்தினார். வாரைப் பூட்டி, தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க மகள் சொல்லிக்கொடுத்தாள். வார் விரலில் சிக்கினால் தளர்வு. இன்னும் இழுக்க வேண்டும்.

புதுக்கோட்டை தாண்டியதும் சாலையின் குறுக்கே ஆட்டுக்குட்டி ஒன்று பாய்ந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மோதவில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மாச்சியின் மடியிலிருந்த பழப்பை மட்டும் முன்சீட்டின் முதுகில் அடித்துச் சிதறியது. ஆரஞ்சுகள் கால் மிதியடிக்குள் உருண்டன. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாச்சி வெகுநேரம் தன் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழங்களைக்கூடப் பொறுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, திரும்பிப் போகும் நாளில் அதே கார்தான் வந்தது. பின்சீட் கவரில் இரண்டு இடத்தில் பிளேடால் கீறி, ஓரத்தை நூலால் தைத்து, பக்கிள்களை வெளியே எடுத்து விட்டிருந்தார் டிரைவர்.

"ஓனர் திட்டலையா தம்பி?" என்றார் அம்மாச்சி.

"அவரு இன்னும் பாக்கலம்மா" என்றபடி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.