அட்டை மாறினால் கரை மாறும்

லினக்ஸ் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். 'எந்த டெஸ்க்டாப் வேண்டும்?' விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கொடுத்த முகம்தான் முகம். லினக்ஸிலோ க்னோம், கே.டி.இ., சின்னமன், மாத்தே, எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. என்று அடுக்குவார்கள். ஓட்டலில் சர்வர் மூச்சு விடாமல் இருபது அயிட்டம் சொன்னால், 'ரெண்டு இட்லி போதும்ப்பா' என்று சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி 'பழசே போதும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் குறைந்தது 4 ஜி.பி. ராம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சமாசாரம் எல்லாம் மெஷினில் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் பல இந்தப் பரீட்சையில் ஃபெயில். தூக்கிப் போடுவதா, லினக்ஸ் போடுவதா?

சேலம் அம்மாபேட்டையில், எங்கள் தெருவில், ஒரு பட்டுத்தறிக்காரர் வீட்டிலும் இதே கேள்வி. மகள் பிளஸ் டூ படித்தபோது 2012-ல் கிடைத்த அரசு லேப்டாப், 2 ஜி.பி. ராம், கல்யாணமாகி மகள் போனபின் பரணில் கிடந்தது. பாட்டரி செத்துவிட்டது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தது. தறிக்காரரின் மனைவிதான் வீட்டுக் கணக்கு. யாருக்கு எவ்வளவு பாவு கொடுத்தது, எத்தனை சேலை வந்தது, கூலியில் முன்பணம் எவ்வளவு கழிக்க வேண்டும், எல்லாம் நீள நோட்டில். ஒரு எழுத்து தப்பினால் ஒரு வீட்டின் வாரக் கூலியில் சண்டை வரும். 'புது கம்ப்யூட்டருக்கு முப்பதாயிரம் நாப்பதாயிரத்துக்கு எங்கீங்க போறது? இதுல ஏதாச்சும் போட்டுக் குடுங்க சார்' என்றார்.

டெஸ்க்டாப் என்றால் என்ன என்று விளக்க நான் சிரமப்படவில்லை. கூடத்தில் தறி இருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகச் சுற்றும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்து பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த உத்தி. சார்லஸ் பாபேஜ் தன் அனலிட்டிகல் எஞ்சினுக்கு இந்த அட்டையைத்தான் கடன் வாங்கினார். அந்த வகையில் அம்மாபேட்டைத் தறிகள் கம்ப்யூட்டருக்குப் பெரியப்பா முறை.

'அட்டையை மாத்தினா என்ன ஆகும்?' என்று கேட்டேன். 'கரை மாறும்' என்றார் தறிக்காரர். தறி அதே, பாவு அதே. லினக்ஸ் என்பது தறி. டெஸ்க்டாப் என்பது அட்டை. மெனு எங்கே இருக்கும், ஜன்னலை மூடும் பொத்தான் எந்த மூலையில், ஃபைல்கள் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். 'அட, அவ்வளவுதானுங்களா!'

அவ்வளவுதான். ஆனால் ஏன் இத்தனை அட்டைகள்? ஒவ்வொன்றும் ஒரு சண்டையில் பிறந்தது. 1996-ல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர், லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு தினுசாக நடந்துகொள்கிறதே, சாதாரண ஆள் எப்படிப் பழகுவது என்று அலுத்துக்கொண்டு கே.டி.இ.யை ஆரம்பித்தார். அதற்கு அடித்தளமான க்யூ.டி.யின் லைசென்ஸ் முழுச் சுதந்திரமாக இல்லை என்று 1997-ல் மெக்சிகோக்காரர்கள் மிகெல் த இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். 2011-ல் க்னோம் மூன்றாம் பதிப்பில் கீழ்ப்பட்டை, மெனு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டபோது பழைய ஆட்களுக்குக் கோபம். ஒரு கோஷ்டி பழைய க்னோமையே தொடர்ந்து, தென் அமெரிக்க டீயின் பெயரில் மாத்தே என்றது. லினக்ஸ் மின்ட்காரர்கள் சின்னமன் செய்தார்கள். எல்லாமே 'புதியவர்களுக்கு எளிது' என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

புதியவர் என்று பொத்தாம்பொதுவாக ஒருவர் இல்லை என்பதுதான் விஷயம். பழக்கம் மூளையில் இருப்பதைவிடக் கையில் அதிகம் இருக்கிறது. குழித்தறியில் முப்பது வருஷம் மிதித்த காலுக்கு மிதிகட்டை இருக்கும் இடம் தெரியும். குனிந்து பார்க்க மாட்டார்கள். அதை ஒரு சாண் தள்ளி வைத்தால் கைதேர்ந்த நெசவாளியும் தடுமாறுவார். அதற்காக அவருக்கு நெசவு தெரியாது என்று சொல்வோமா? டெஸ்க்டாப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு 'இதுகூடத் தெரியலையா' என்று கேட்கும் மருமகன்களும் மகன்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லினக்ஸில் ஒரு நல்ல வசதி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். க்னோம், சின்னமன், எக்ஸ்.எஃப்.சி.இ. மூன்றையும் கொண்டுபோனேன். பரீட்சை ஒன்றுதான். ஒரு கணக்குத் தாளைத் திறந்து, நாலு பேர் கூலியை எழுதி, சேமித்து, மூடி, அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது.

க்னோமைப் பார்த்ததும், 'என்னங்க சார், கழுவி விட்ட வாசல் மாதிரி ஒண்ணுமே காணோம்?' என்றார். நிஜம்தான். அது வெறுமையை அழகாக நினைக்கும் டெஸ்க்டாப். தொடுதிரை போன் பழகிய பையன்கள் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2 ஜி.பி. மெஷின் அதற்கு மூச்சு வாங்கியது. சின்னமன் பளிச்சென்று இருந்தது, இடதுபக்கக் கீழ் மூலையில் மெனுவும் இருந்தது. ஆனால் பிரவுசரைத் திறந்ததும் நொண்டியது. எக்ஸ்.எஃப்.சி.இ. பார்க்கக் கொஞ்சம் பழைய மாடல். அதிலும் மெனு கீழே இடது மூலையில். தாளைத் திறந்தார், எழுதினார், மூடினார், இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்தார். 'இது போதுங்க.' எனக்குப் பிடித்தது சின்னமன். கூலிக் கணக்கு எழுதப்போவது நான் இல்லையே.

அப்புறம் செய்தது சில்லறை வேலைகள். எழுத்தைப் பெரிதாக்கினேன். கை தவறி இழுத்தால் கீழ்ப்பட்டை இடம் மாறாதபடி பூட்டினேன். பெயர்களைத் தமிழில் எழுத தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். ஒரு எச்சரிக்கை: உங்கள் வேலை டாலியில் என்றாலோ, விண்டோஸுக்கென்றே எழுதிய சேலை டிசைன் மென்பொருளில் என்றாலோ, எந்த டெஸ்க்டாப்பும் காப்பாற்றாது. விண்டோஸிலேயே இருங்கள்.

அந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாஸைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம் வந்தால் கேட்க அண்ணன் இல்லை, வாத்தியார் இல்லை, பிரவுசிங் சென்டர்காரருக்கும் தெரியாது. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இன்று கைட் என்ற பெயரில் இருக்கிறது. முதலில் ஆசிரியர்களுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிகளுக்கு ஒரே மாதிரி லினக்ஸ் போட்டார்கள். பாடப்புத்தகமும் பரீட்சையும் அதிலேயே. ஒரு பையன் தடுமாறினால் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியும்.

ஆகவே 'எந்த டெஸ்க்டாப்?' என்று கேட்பவர்களிடம் நான் மூன்று எதிர்க்கேள்வி கேட்கிறேன். இதுவரை எதில் கை பழகியிருக்கிறது? மெஷினில் ராம் எவ்வளவு? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். 2 ஜி.பி. என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ.யோ எல்.எக்ஸ்.க்யூ.டி.யோ. 4 ஜி.பி.க்கு மேல் என்றால் விண்டோஸ் பழகியவர்களுக்குச் சின்னமன், போன் பழகியவர்களுக்கு க்னோம், நினைத்தபடி திருத்தி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு கே.டி.இ.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சென்னை, விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. 2012 முதல் 'கணியம்' தமிழிலேயே இதையெல்லாம் சொல்லித் தருகிறது. அதற்கும் முன்னால் உங்கள் தெருவில் விசாரியுங்கள். லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால், உங்கள் மெஷின் தாங்கும் பட்சத்தில், அவர் வைத்திருக்கும் டெஸ்க்டாப்பையே போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூலிக் கணக்கு காணாமல் போனால் கதவைத் தட்டலாம்.