பனி மாறினாலும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூன்று மாதமாகிவிட்டது. டொராண்டோவில் வங்கிகளுக்கு அக்டோபர் 31-தான் வருஷக் கடைசி. கணக்கை முடித்து மூச்சு விடுவதற்குள் குளிர் வந்து வாசலில் நிற்கிறது. மன்னிக்கவும்.

போன ஞாயிறு ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார். மங்களூரில் மச்சினன் வீட்டில் பத்து நாள், அப்புறம் பாலக்காடு. "மலேரியா விஷயமா டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டீங்களா?" என்றேன். "என்ன அண்ணே நீங்க வேற. அங்கேயே பொறந்து வளர்ந்த உடம்பு, நம்ம ஊர்க் கொசு நம்மள என்ன செய்யும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அங்கே சொல்ல முடியவில்லை, பாயசம் வந்துவிட்டது. அதனால் இங்கே.

எனக்குச் சொந்த ஊர் குமுளி. இடுக்கி மாவட்டம், கடைத்தெருவில் நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. மாமனார் வீடு பாலக்காடு பக்கம், கொழிஞ்சாம்பாறை. இரண்டுமே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் நடத்தும் ஊர்கள். அங்கே காய்ச்சலுக்குப் 'பனி' என்றும் பெயர். பனி மாறிவிட்டது என்றால் காய்ச்சல் விட்டுவிட்டது.

2008-ல் மங்களூரில் ஒரு கிளையில் வேலை. மங்களூருக்கும் மலேரியாவுக்கும் உள்ள நெருக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு கொழிஞ்சாம்பாறை வந்தவன் வெடி வைக்கவில்லை. மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அந்தப் பகுதி சுகாதார ஊழியர் ஒரு அம்மா. வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்ததும் வந்து, மங்களூர் என்ற பெயரைக் கேட்டதுமே விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். வைவாக்ஸ் வகை மலேரியா. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் 14 நாள். "பனி மாறியாலும் குளிகை நிறுத்தாதீங்க சாரே" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டேன். உடம்பு நன்றாக இருந்தது, மாத்திரை வயிற்றைப் பிரட்டியது, கனடா விசா வேலை தலைக்கு மேல் இருந்தது. இத்தனைக்கும் கடன் வாங்கியவரிடம், நிலுவை ஒரு ரூபாய் இருந்தாலும் கணக்கு முடிந்ததாகாது என்று தினம் சொல்கிற உத்தியோகம்!

2009 மார்ச். டொராண்டோ வந்து ஏழு வாரம். ஒரு மாலை திடீரென்று குளிர் எடுத்தது. பல் கிடுகிடுத்தது. ஊரே குளிரில் கிடப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிளினிக்கில் ஃப்ளூ என்றார்கள். மங்களூரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் சுத்தமாக நன்றாக இருந்தேன், வேலைக்கும் போனேன். அதற்கு மறுநாள் மாலை, அதே நேரம், அதே நடுக்கம்.

அன்று மனைவி காலிங் கார்டு சுரண்டிக் குமுளிக்குப் போன் போட்டாள். அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயது. "ஒரு நாள் விட்டு ஒரு நாளாடா? அப்ப அது முறைக்காய்ச்சல். அணைக்கட்டுல எங்க தாத்தாவுக்கு வந்தது" என்றாள்.

அணைக்கட்டு என்றால் முல்லைப் பெரியாறு. 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் கட்டிய காலத்தில் அப்பத்தாவின் தாத்தா அங்கே சுண்ணாம்பு அரைத்தவர். காட்டுக்குள் நோய் கண்டு செத்தவர்கள் 400-க்கும் மேல். அவர்களை அணைக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். ஆளைத் தின்றதில் மலேரியாவுக்குப் பெரிய பங்கு. காட்டின் கெட்ட காற்றுதான் காரணம் என்று வெள்ளைக்காரர்களே நம்பிய காலம். அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று, சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைப் பார்த்தார். பென்னிகுயிக்குக்கு 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கே கும்பிடுகிற மனிதர், நானும் கும்பிடுவேன். சுண்ணாம்பு அரைத்தவருக்கு ஒரு போட்டோகூட இல்லை. சரி, அது வேறு பதிவு.

அப்பத்தா அன்று சொன்ன 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நான் பி.காம். உயிரியலோடு உறவு பத்தாம் வகுப்போடு முறிந்தது. படித்துப் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். டாக்டர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் திருத்தவும்.

நம் உடம்பில் இரண்டு காவல் உண்டு. ஒன்று, வந்த திருடனின் முகத்தை ஞாபகம் வைத்து அடுத்த முறை பிடிப்பது. தடுப்பூசி இதை நம்பித்தான். இன்னொன்று பிறவியிலேயே இருக்கும் காவல். இதற்கு முகம் தெரியாது. 'இது நம்ம வீட்டுச் சாமான் இல்லை' என்று மட்டும் தெரியும், உடனே விசில் ஊதும். வெளிச் சாமானை மோப்பம் பிடிக்கும் இந்த உணர்விகளுக்கு 'டோல்' வகை ஏற்பிகள் என்று பெயர். ஈயிடமும் எலியிடமும் இவற்றின் வேலையைக் கண்டுபிடித்த ஹாஃப்மனுக்கும் பியூட்லருக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது.

மலேரியாக் கிருமி பலே ஆள். கொசு கடிக்கும்போது உள்ளே வருவது சில பத்து கிருமிகள்தான். நேராகக் கல்லீரலுக்குப் போய், அங்கே காவலுக்கு நிற்கும் செல்களையும் தாண்டி ஒரு கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. நமக்கு ஒன்றுமே தெரியாது. எலிகளில் பார்த்த ஆய்வுகளில், கல்லீரல் செல் லேசாக முனகி இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞையை அனுப்புவது தெரிந்திருக்கிறது. ஆனால் காய்ச்சல் வரும் அளவுக்கு இல்லை. பிறகு ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுவுக்குள் புகுகிறது. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. 'எனக்குள் ஆள் இருக்கிறான்' என்று மற்ற செல்கள் வெளியே கொடி காட்டும். இதற்கு அந்த வசதியும் இல்லை. அலாரம் பொத்தான் இல்லாத கவுண்ட்டர்.

உள்ளே இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்று, எச்சத்தைக் கறுப்புத் துகளாகச் சேர்த்து வைக்கிறது. வைவாக்ஸுக்கு 48 மணி நேரம். அதற்குப் பிறகு சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. குட்டிக் கிருமிகள், அவற்றின் மேல்தோல் துணுக்குகள், மரபணு ஒட்டிய கறுப்புத் துகள்கள் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். அப்போதுதான் காவல்காரன் முழித்துக்கொள்கிறான். வெள்ளணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூக்கின் என்று ரசாயனங்களைக் கக்க, சேதி மூளைக்குப் போகிறது. மூளை உடம்பின் சூட்டு அளவை மேலே தூக்கி வைக்கிறது. புதிய அளவுக்குச் சூடு ஏறும்வரை குளிராகத் தெரியும், அதுதான் நடுக்கம். அணுக்கள் வெடிப்பதும் காய்ச்சல் எழுவதும் ஒரே நேரம் என்று இத்தாலியின் கோல்கி 1880-களிலேயே பார்த்துச் சொன்னார். மண்ணீரல் கெட்டுப்போன அணுக்களைச் சலித்துச் சலித்து வீங்குகிறது. காவல்காரன் அளவு மீறிக் கத்தினால் அதுவே ஆபத்து. ஃபால்சிபாரம் வகையில் மூளை வரை பாதிக்கப்படுவதில் இந்தக் கூச்சலுக்கும் பங்கு உண்டு.

இதைப் படித்த அன்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காய்ச்சல் என்பது திருடன் இல்லை, காவல்காரனின் சத்தம். சத்தம் நின்றதும் திருடன் போய்விட்டான் என்று நான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். வைவாக்ஸில் ஒரு பங்கு கிருமிகள் கல்லீரலிலேயே தூங்குகின்றன, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். பெருகுவதில்லை, வெடிப்பதில்லை, அதனால் விசிலும் இல்லை. எங்கள் பாஷையில், வரவு செலவு இல்லாமல் கிடக்கும் கணக்கு. குளோரோகுயினால் அதைத் தொட முடியாது. பிரைமாகுயின் அதற்குத்தான், 14 நாளும் அதற்குத்தான். (ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.)

நண்பரின் 'ஊர் உடம்பு' தியரிக்கு வருகிறேன். மலேரியா ஓயாத ஊர்களில், வருஷா வருஷம் கடிபட்டு வளர்ந்த பெரியவர்களுக்குக் கிருமி இருந்தும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. காவல்காரனும் கத்திப் பழகி அடங்கிவிடுகிறான். ஆனால் அது விடாமல் பிரீமியம் கட்டும் பாலிசி மாதிரி. ஊரை விட்டு வந்து சில வருஷமானால் கரைந்துவிடும். நாமோ அந்தப் பாலிசியே எடுக்காதவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த மார்ச் இரவு எமர்ஜென்சிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, கடந்த ஒரு வருஷத்தில் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பது. மனைவி பதில் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரைப் பட்டையை மேஜைமேல் வைத்தாள். ஊர்ப் பெட்டியில், பட்டுப்புடவை மடிப்புக்குள் கிடந்ததாம். ஒன்பது நாள் மாத்திரை அப்படியே இருந்தது. "நிறுத்திட்டீங்கன்னு எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள். அவள் அப்போது நாலு மாதம். வயிற்றில் இருந்தவனுக்கு இப்போது என்னைவிட உயரம். எமர்ஜென்சி நாற்காலியில் நான் நடுங்கியது குளிரால் மட்டுமில்லை. கொழிஞ்சாம்பாறையில் இருந்தபோது அவளையும் அதே கொசு கடித்திருந்தால், மங்களூரில் கடித்திருந்தால் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

இந்த முறை நொதிப் பரிசோதனை செய்து, 14 நாளும் முழுங்கினேன். மனைவி எதிரில் உட்கார்ந்து எண்ணினாள்.

2011-ல் ஊருக்குப் போனபோது கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாப்பில் அந்தச் சுகாதார ஊழியர் அம்மாவைப் பார்த்தேன். நடந்ததை ஒப்புக்கொண்டேன். "ஞான் பறஞ்ஞதல்லே சாரே" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மூக்கைப் பார்த்தார். விமானத்தில் பிடித்த ஜலதோஷம், லேசாக உடம்பும் சுட்டது. "வரும்போ மங்களூர்ல இறங்கியோ?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்து ஊசியைத் தேட ஆரம்பித்தார்.