மூக்குத்திக் கல் வந்த வழி



கல்யாணம் பேசி முடித்த வீட்டில் அடுத்த பேச்சு நகைதான். "ஒரு வைர மூக்குத்தியாவது போட்டு அனுப்ப வேண்டாமா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு தாப்பா மலைப்பாதை இறங்கி ஈப்போவுக்குப் புறப்படுமுன், அந்தக் கடுகளவு கல் எங்கே பிறந்து, எந்த வழியாக நம் கைக்கு வருகிறது என்று பார்த்துவிடுவோமா?

நாம் குடியிருக்கும் இந்தக் கேமரன் மலை கருங்கல் மலை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகி உண்டானது. இந்த மலைத்தொடர் கிந்தா சமவெளிக்கு ஈயத்தைக் கொடுத்தது, வைரத்தைக் கொடுக்கவில்லை. வைரம் பிறக்க இந்த ஆழம் போதாது. தரைக்குக் கீழே 150 கிலோமீட்டருக்கும் அப்பால், 1,000 பாகை வெப்பத்தில், மேலே கிடக்கும் பாறைகளின் பாரம் அழுத்த, கரியணுக்கள் நெருக்கமாகப் பிணைந்து வைரமாகின்றன. அடுப்புக்கரியும் வைரமும் அடிப்படையில் ஒரே பொருள்தான். இருந்த இடமும் பட்ட பாடும்தான் வேறு. பெரும்பாலான வைரங்களுக்கு வயது 100 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

அவ்வளவு ஆழத்திலிருந்து அவை மேலே வருவது எப்படி? பழங்கால எரிமலைகள் வேகமாகப் பீறிட்டபோது, அந்தக் குழம்போடு வைரமும் வந்தது. பிறகு மழை பாறையைக் கரைத்தது. ஆறு கற்களை உருட்டிச் சென்றது. அதனால்தான் ஆற்று மணலிலும் வைரம் கிடைக்கிறது. நமக்கு அருகில் போர்னியோவில், இந்தோனேசியாவின் மார்த்தபுரா வட்டாரத்தில், 1965இல் 166 காரட் கல் ஒன்று அப்படித்தான் கிடைத்தது. ஒரு காரட் என்பது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு.

இனி நம் முன்னோர் பூமிக்குப் போவோம். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் வைரம் அனுப்பியது இந்தியாதான். கோல்கொண்டா வைரம் என்று பெயர் பெற்றாலும், கோல்கொண்டா சந்தை கூடிய இடமே தவிர, தோண்டிய இடமன்று. தோண்டியது ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் போன்ற ஊர்களில். இன்று கொல்லூர்ச் சுரங்கம் புலிச்சிந்தலா அணை நீருக்குள் கிடக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, கொல்லூரில் ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்டினார்கள், பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள். இராவல்கொண்டா என்ற மற்றொரு சுரங்கத்தில், தொழில் நன்கு தெரிந்த ஆளுக்கே ஆண்டுக்கு 3 வராகன்தான் கூலி என்கிறார். வயிற்றுப்பாட்டுக்காகச் சிலர் கல்லை விழுங்கி மறைத்ததையும் சொல்கிறார்.

அந்த 3 வராகனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணா நதிக்கரையில் 410 காரட் கல் ஒன்று கிடைத்தது. கண்டெடுத்த அடிமை அதைத் தன் காலில் இருந்த புண்ணுக்குள் ஒளித்துத் தப்பினான் என்றும், கடலில் ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கல் ஜம்சந்த் என்ற வணிகர் வழியாகச் சென்னைக்கு வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட், 1702இல் பேரம் பேசி அதை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டியபின் 140 காரட் மிஞ்சியது. 1717இல் பிரெஞ்சு அரசுக்காக அதை 135,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். கொடுத்த விலையைப்போல ஆறு மடங்குக்கு மேல்! இன்று அது பாரிஸ் லூவர் காட்சிசாலையின் சேகரிப்பில் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 3 வராகன் வாங்கிய தொழிலாளி, ஒரு காசும் செலவழிக்காமல் 16,000 ஆண்டு உழைத்தால்தான் சென்னையில் பேசிய அந்த விலையை எட்டலாம்.

இன்றைய கல் வேறு வழியில் வருகிறது. தோண்டுவது ஆப்பிரிக்காவிலோ ரஷ்யாவிலோ கனடாவிலோ இருக்கலாம். ஆனால் உலகின் வைரங்களில் பத்தில் ஒன்பது குஜராத்தின் சூரத் நகரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன என்பது வணிகர் கணக்கு. சக்கரத்தின்முன் குனிந்து கண்ணை வருத்தும் அந்தத் தொழிலாளருக்குப் பெரும்பாலும் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. 2022க்குப் பின் வியாபாரம் மந்தமானபோது முதலில் வேலை குறைந்ததும் அவர்களுக்குத்தான்.

சரி, கடைக்குப் போகிறவர்கள் சிலவற்றை நினைவில் வையுங்கள். பொன்னுக்குச் சொல்லும் காரட் சுத்தத்தின் அளவு. வைரத்துக்குச் சொல்லும் காரட் எடையின் அளவு. "அமெரிக்கன் டைமண்ட்" வைரமே அல்ல. ஆய்வுக்கூடத்தில் செய்த வைரமோ உண்மையான வைரம்தான். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆனால் விலை மிகவும் குறைவு. ஆகவே இயற்கைக் கல்லா, செய்த கல்லா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு அடகுக்கடைப் படி ஏறினால், அங்கே பெரும்பாலும் பொன்னின் எடையைத்தான் பார்ப்பார்கள். பொடிக்கல்லுக்குக் கொடுத்த பணம் திரும்பாது.

ஆசைக்கு ஒரு கல் வாங்குவதில் தவறில்லை. கடன்பட்டு வாங்குவதுதான் தவறு. மூக்குத்தியில் கல் சிறியதாக இருக்கிறதே என்று எந்தப் பெண்ணும் தலைகுனிய வேண்டியதில்லை. கல்லில் மிச்சமாகும் பணத்தில் அவள் ஒரு தொழில் படித்துக்கொண்டால், அதை எந்த அடகுக்கடையிலும் வைக்க வேண்டி வராது.