துறையடிக் கேள்விகள்

எனக்கு உலகப்படத்தை முதலில் விரித்துக் காட்டியது கோபால் பல்பொடி விளம்பரம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளின் பெயர் வரிசையாக வரும். வெருகல் ஆற்றுத் துறையடியில், அம்மப்பாவின் தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருந்தபடி நானும் கூடவே சொல்லுவேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஈச்சிலம்பற்றிலிருந்து தெற்கே கதிரவெளி, வாகரைப் பக்கம் போகிறவர்கள் 'பாதை' என்கிற மிதவையில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் சனம் காத்துக் கிடக்கும். வெருகல் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் கேட்கவே வேண்டாம். காத்திருக்கிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பணிசும் வானொலியும். எனக்குக் கேள்வி.

"சொல்லு மனே, சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரு நாடா, ரெண்டு நாடா?"

ரெண்டு என்றால் விடமாட்டார். எப்போதிருந்து ரெண்டு? 1965 ஆகஸ்ட் 9. அதற்கு முன்னம்? ஒன்றாக இருந்தவை ஏன் பிரிந்தன? பல்பொடியில் தொடங்கியது, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு நாட்டின் பிறப்பில் வந்து நிற்கும்.

அம்மப்பா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. சீனிச் சரை சுற்ற வாங்கி வைத்த பழைய வீரகேசரித் தாள்களை வாசித்து முடிக்காமல் கிழிக்கமாட்டார், அவ்வளவுதான். சரையில் போன செய்தியை யாராவது கேட்டால் தேதியோடு சொல்லுவார். வானொலிக்குப் பற்றரி தேய்ந்துவிட்டால் கூரைத் தகட்டில் வெயிலுக்கு வைத்து எடுப்பார். சூடேறிய பற்றரியில் இன்னும் ஒரு 'பொங்கும் பூம்புனல்' கேட்கலாம்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எங்களைப் பொது அறிவு பாடமாக்கச் சொன்னார்கள். உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். நீண்ட ஆறு மகாவலி, 335 கிலோமீற்றர். கடை வாங்கிலிருந்து நான் ஒப்புவிக்க, "அந்த ஆறு எங்க கடலில விழுது?" என்றார். கொட்டியாரக் குடாவில். "அதின்ட கிளை எங்க?" நான் முழித்தேன். அவர் கையை நீட்டினார். எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த வெருகல் ஆறு மகாவலியின் கிளை. அதில்தான் அன்று காலையில் குளித்திருந்தேன்.

அவர் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் 1942. ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள். அப்போது அவர் இளந்தாரி. வடக்கே கேட்ட முழக்கத்தை மழைக்கு முந்திய இடி என்றே ஊர் நினைத்ததாம். தாக்குதல் வரப்போகிறதென்று முதல் நாள் இரவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், எங்கள் கரையோரக் கடலால் தெற்கே போய், மட்டக்களப்புக்கு அப்பால் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலில் அன்று விமானமே இருக்கவில்லை என்பதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அம்மப்பாவின் குரல் இறங்கும்.

அங்கிருந்து நேரே வானொலிக்கு வருவார். அந்த யுத்தத்துக்காகவே தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை 1944இல் கண்டிக்கு மாற்றினார். ஆசியக் காடுகளில் சண்டையிட்ட படையினருக்குப் பாட்டும் செய்தியும் அனுப்ப 'ரேடியோ சீயாக்' தொடங்கியது. அதன் வலுமிக்க சிற்றலைப் பரப்பி யுத்தம் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்க, இந்தியாவின் காதெல்லாம் கொழும்புப் பக்கம் திரும்பியது. அந்த வருடமே பினாக்கா என்ற பற்பசையின் பெயரில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானியின் குரலைக் கேட்க அங்கே புதன்கிழமை இரவுகளில் தெருக்கள் வெறிச்சோடின. தமிழில் மயில்வாகனனின் குரலுக்கும், பின்னாளில் கே. எஸ். ராஜாவின் குரலுக்கும் தமிழ்நாடு அப்படித்தான் காத்திருந்தது. குண்டு, பரப்பி, பாட்டு, பற்பசை. அம்மப்பாவின் கையில் எல்லாம் ஒரே கயிறு.

பொது அறிவைத் துணுக்கு என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. விடையைச் சொன்னதும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டால்தான் அது துணுக்கு. "ரொபின்சன் குரூசோவை எழுதியது யார்?" என்று கேள்விப் புத்தகத்தில் இருக்கும். டானியல் டீஃபோ என்று எழுதினால் மதிப்பெண். எங்கள் ஊருக்கு வடக்கே மூதூரில், புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைத் திருத்த 1659இன் கடைசியில் வந்து, மறு வருடம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் தகப்பனோடு பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் அந்தப் புத்தகத்தில் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் சிறையிருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பி, 1681இல் அவர் அச்சிட்ட நூல் டீஃபோவின் கதைக்கு உரமாயிற்று என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உலகமே படித்த கதையின் ஒரு வேர் கொட்டியாரக் குடாவில் கிடக்கிறது என்பதை, மூதூர்ச் சந்தைக்குப் போன நாளில் ஒரு புளியமரத்தைக் காட்டி அம்மப்பா சொன்னார்.

அவர் காலமான பிறகு நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், திருகோணமலை நகரில் புதைக்கப்பட்டிருக்கிறார். கேட்டிருந்தால் அம்மப்பா துள்ளியிருப்பார். உடனே அடுத்ததையும் கேட்டிருப்பார்: "எங்க செத்தவன் மனே? அங்க அவனுக்கென்ன வேலை?"

செத்தது 1852இல், பர்மாவின் ஐராவதி ஆற்றில். வேலை, இரண்டாம் ஆங்கிலோ-பர்மா யுத்தம். அந்த யுத்தத்தில் கீழ்ப் பர்மாவை வெள்ளையர் பிடித்தார்கள். அது பெரும் நெல் நாடாயிற்று. இலங்கையின் உலைகளுக்கு அங்கிருந்து அரிசி வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது, இங்கே கூப்பன் வந்தது. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற கதையை அம்மப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.