இலாபத்துக்கு எழுவாய் உண்டு

கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை நான் கதை படிப்பது போல் படிப்பதுண்டு. நண்பர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், முன்பின் பார்த்திராத பல்லாயிரம் பேரின் பணத்தை வைத்துத் தொழில் நடத்துவோர், ஆண்டுக்கொரு முறை அவர்களுக்குக் கணக்குச் சொல்லும் எழுத்து அது. அதில் மனித சுபாவம் வெளிப்படாமல் எப்படிப் போகும்?

வண்ணப் படங்களும் புன்னகைக்கும் தலைவரும் எல்லா அறிக்கைகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேற்றுமையெல்லாம் வினைச்சொற்களில் இருக்கிறது. நல்ல ஆண்டில், "நாங்கள் சாதித்தோம்" என்று எழுதுகிற அதே தலைவர், கெட்ட ஆண்டில், "சந்தை நிலவரத்தால் வருவாய் பாதிக்கப்பட்டது" என்று எழுதுகிறார். இலாபத்துக்கு எழுவாய் உண்டு, நட்டத்துக்கு இல்லை. தமிழாசிரியர் ஒருவரிடம் திருத்தக் கொடுத்தால் சிவப்பு மை தீர்ந்துபோகும்.

அமெரிக்காவின் என்ரான் கம்பெனி வெளியிட்ட 2000ஆம் ஆண்டறிக்கை இதற்குப் பேர்போன சான்று. அவ்வாண்டு வருவாய் 10,000 கோடி டாலருக்கும் மேல் என்று அது அறிவித்தது. மரியாதை, நேர்மை ஆகியவை தன் கொள்கைகள் என்றும் அச்சிட்டிருந்தது. பின்பக்கங்களில், 16ஆம் குறிப்பில், சில கூட்டு நிறுவனங்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கல் சொல்லப்பட்டிருந்தது. அவற்றை நடத்துபவர் கம்பெனியின் "மூத்த அதிகாரி ஒருவர்" என்பதோடு சரி, பெயர் இல்லை. அந்த மூத்த அதிகாரி கம்பெனியின் நிதித் தலைவரான ஆண்ட்ரூ ஃபாஸ்டோவேதான். 2001 டிசம்பர் 2ஆம் நாள் என்ரான் திவால் மனு கொடுத்தது. அந்தக் குறிப்பில் பொய் இருந்தது என்பதைவிட, படிப்பவர் புரிந்துகொள்ளக் கூடாது என்ற கவனம் இருந்தது என்பதே என்னை உறுத்துகிறது.

இதனருகே, பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு வாரன் பஃபெட் பல பத்தாண்டுகளாக எழுதிவந்த கடிதங்களை வைத்துப் பார்க்கலாம். தம் இரு சகோதரிகளிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டே எழுதுவதாக அவர் 1998இல் சொன்னார். அறிவுள்ளவர்கள், ஆனால் கணக்கியல் படிக்காதவர்கள் என்பது அவர் அவர்களுக்குத் தந்த இலக்கணம். 1993இல் டெக்ஸ்டர் என்னும் காலணிக் கம்பெனியை 43.3 கோடி டாலருக்கு, ரொக்கமாக அன்றித் தம் கம்பெனிப் பங்குகளாகவே கொடுத்து வாங்கினார். டெக்ஸ்டரின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று. 2007ஆம் ஆண்டுக் கடிதத்தில், இதுவே தாம் செய்த மிக மோசமான வாணிபம் என்றும், பங்குதாரர்களுக்கு இதனால் 350 கோடி டாலர் போயிற்று என்றும் எழுதினார். வாங்கியவரும் தவறியவரும் 'நான்'. இனி ஆண்டறிக்கைக் கடிதம் எழுதப் போவதில்லை என்று 2025 நவம்பரில் அவர் அறிவித்தபோது, ஒரு பங்குகூட இல்லாத எனக்கும் சற்று வருத்தமாகவே இருந்தது.

மொழி நேராக இருந்தால் கணக்கும் நேராக இருக்கும் என்று எண்ணிவிடவும் முடியாது. வாய்மையையே பெயராகக் கொண்ட சத்யம் கம்பெனியின் ரொக்க இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்பதை 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதமெழுதி ஒப்புக்கொண்டார். அதற்கு முன் வந்த அறிக்கைகளை எழுத்தெண்ணிப் படித்திருந்தாலும் பங்குதாரர் அதைக் கண்டிருக்க மாட்டார்.

ஆயினும் படிக்கத்தான் வேண்டும். மச்சான் மறைந்தபின் அவர் வைத்திருந்த ஓர் ஆலைக் கம்பெனியின் பங்குகள் என் ராத்தாவின் பெயருக்கு மாறின. இளைய மகளின் நர்சிங் படிப்புக்கு அவர் நம்பியிருந்தது அதன் ஈவுத்தொகையைத்தான். அந்த ஆண்டு அது வரவில்லை. அறிக்கையை என்னிடம் நீட்டி, "தம்பி, நம்ம பணம் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

தலைவர் உரை இரண்டு பக்கம். வளர்ச்சிப் பயணம், புதிய சிகரங்கள். ஈவுத்தொகை பற்றி ஒரே வரி: "பரிந்துரைக்கப்படவில்லை." நான் கடைசிப் பக்கங்களிலிருந்து முன்னோக்கிப் படித்தேன். இயக்குநர் குடும்பத்தாரின் இன்னொரு கம்பெனிக்குக் கடன் கொடுக்கப்பட்டிருப்பதையும், வட்டி வந்து சேராததையும் சுட்டித் தணிக்கையாளர் தம் கருத்தில் குறை தெரிவித்திருந்தார். அப்படிக் குறை தெரிவிக்கப்பட்டால் இயக்குநர் குழு விளக்கம் தர வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அவர்கள் தந்த விளக்கம், குறிப்புகளே தெளிவாக இருப்பதால் மேற்கொண்டு கூற ஒன்றுமில்லை என்பது. பல அறிக்கைகளில் இந்த வாக்கியத்தைப் பார்த்திருக்கிறேன். அச்சு வார்த்து வைத்திருப்பார்கள் போலும்.

ராத்தா தம் கையாலேயே கடிதம் எழுதினார். கடனைக் கொடுக்கச் சொன்னவர் யார்? எப்போது திரும்பி வரும்? இரண்டே கேள்விகள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: "தங்கள் கடிதம் பெறப்பட்டது. உரிய கவனம் செலுத்தப்படும்."

அவர் பாதிப் பங்குகளை விற்றுக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். மற்றப் பாதியையும் விற்றுவிடலாமே என்றேன். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பதற்குப் பங்கு வேண்டுமல்லவா என்றார்.