பத்தில் மூவர்

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வரும் புற்றுக்கட்டியை மதிப்பிடும் முறை 2018இல் மாறியது. அதுவரை அகலம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த படிநிலை விதிகளின் எட்டாம் பதிப்பு ஆழத்தையும் கணக்கில் சேர்த்தது. 2 செ.மீ.க்குள் அடங்கும் சிறு கட்டியே ஆனாலும், 5 மி.மீ.க்கு மேல் உள்ளிறங்கியிருந்தால் அதை முதற்படியில் வைக்க முடியாது. பார்வைக்குப் பெரிதாக இருக்கும் கட்டி சாதுவாய்க் கிடப்பதும், பட்டாணியளவுக் கட்டி கழுத்துக்குப் போய்விடுவதும் மருத்துவர்கள் நெடுநாளாய்க் கண்டுவருவதே.

எங்கள் பெரியப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். உலைச்சூட்டில் வாய் வறளாதிருக்கப் புகையிலை அடக்கிக்கொள்வதாகச் சொல்வார். (பழக்கம் முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது என்பது பெரியம்மாவின் கட்சி.) நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணாகத் தொடங்கியது. பெரியம்மாவின் நச்சரிப்பால் சீக்கிரமே மருத்துவரிடம் போக நேர்ந்தது. நாக்கில் ஒரு பகுதியோடு, கழுத்தின் இடப்புறத்தைத் திறந்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ஊரில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சுகள். அறிக்கை வந்தது: 31 முடிச்சுகள், ஒன்றிலும் புற்று இல்லை. நாங்கள் மகிழ்ந்துபோனோம். அவர் மட்டும், "ஏண்டா, ஒண்ணும் இல்லாத எடத்துல எதுக்குக் கத்தி வெச்சாங்க?" என்று கேட்டார். தோளுக்குப் போகும் நரம்பு இவ்வறுவையில் நலிவதுண்டு. பேருந்தில் மேற்கம்பியைப் பிடிக்க இப்போது அவருக்கு வலக்கை மட்டுமே.

அவர் கேள்விக்கு விடை இருக்கிறது. கழுத்தில் எதுவும் தென்படாத, தொடக்கநிலை வாய்ப்புற்று கொண்ட 500 பேரைப் பற்றிய ஆய்வொன்றை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனில் டிக்ரூஸ் குழுவினர் 2015இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்கு வாயோடு கழுத்திலும் உடனே அறுவை. மற்றவர்க்குக் கழுத்தில் கட்டி தலைகாட்டிய பிறகே. மூன்றாண்டு முடிவில் முன்னவருள் 80 விழுக்காட்டினரும் பின்னவருள் 67.5 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். இதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? ஆயினும் உடனே அறுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூவரின் கழுத்தில்தான் புற்று ஒளிந்திருந்தது. அந்த மூவர் யாரென்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் பத்துப் பேருக்கும் கத்தி.

அந்த மூவரை அடையாளம் காட்டும் குறியைத்தான் மரபணுக்களிடம் தேடுகிறார்கள்.

ஓர் உயிரணுவில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கழுத்துக்குப் பரவிய கட்டியில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பது பழைய வழி. பட்டியல் நீளுமே தவிர, எது காரணம், எது விளைவு என்று விளங்காது. சிப்காட்டை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லலாம். பழைய இரும்பை உருக்கும் உலை ஒரு வளாகத்தில்; அதில் வார்த்த பாளத்தைக் கம்பியாக்கும் மில் இன்னொன்றில். உலை நின்றால் மில் நிற்கும், லாரி நிற்கும், டீக்கடையும் காற்றாடும். எந்த ஆலை பெரிது என்பதைவிட எது எதோடு பிணைந்திருக்கிறது என்று வரைந்து பார்த்தால்தான் முடிச்சு புலப்படும். மரபணு இடைவினை ஆய்வு செய்வதும் அதுவே. எவை சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்று வலை பின்னி, பரவிய கட்டியின் வலையையும் பரவாத கட்டியின் வலையையும் ஒப்பிடுவார்கள்.

தோல்போல் அடுக்கடுக்காய் ஒட்டியிருக்கும் உயிரணுக்களை ஈ-கேடெரின் என்ற புரதம் பிணைத்து வைக்கிறது. அப்பிணைப்புத் தளர்ந்து, அடித்தளச் சவ்வைக் கரைக்கும் நொதிகள் சுரந்து, உயிரணு மதில் தாண்டுகிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தலை, கழுத்துப் புற்றுள்ள 18 நோயாளிகளின் ஏறத்தாழ 6,000 உயிரணுக்களைத் தனித்தனியே பரிசோதித்தார்கள். கட்டியின் முன்விளிம்பில் நின்ற உயிரணுக்கள் பாதி குணம் மாறியும் பாதி மாறாமலும் இருந்தன. அக்கம்பக்கத்து நார்த்திசு உயிரணுக்களோடு அவை சமிக்ஞைத் தொடர்பு கொண்டிருந்தன. அந்தப் பாதி மாற்றம் மிகுந்த கட்டிகளே கழுத்துக்குப் பரவும் வாய்ப்பு மிகுந்தவை. நம் நாட்டில் கல்யாணியிலுள்ள தேசிய மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா மையமும் சேர்ந்து, புகையிலை மெல்வோருக்கு வரும் கன்ன-ஈறுப் புற்றின் மரபணுப் பிழைகளை முதலில் 50 பேரிடமும் பின்பு மேலும் 60 பேரிடமும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டன. பெரியப்பாவின் புற்றுக்கு நெருங்கிய உறவு அது.

இங்கே ஒரு கசப்பைச் சொல்லியாக வேண்டும். 20,000 மரபணுக்களுக்கு இடையே இருக்கக்கூடிய இணைகள் ஏறத்தாழ 20 கோடி. கையிலுள்ள நோயாளிகளோ சில நூறு. தேடினால் ஏதோவொன்று கிடைக்காமல் போகாது. 2011இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்மூடிப் பொறுக்கிய மரபணுப் பட்டியல்களைக்கூட மார்பகப் புற்றின் முடிவோடு பொருத்திப் பார்த்தார்கள், பெரும்பாலானவை பொருந்தின. உணவுக்குப் பின் சிரிப்பதால் மாறும் மரபணுக்களின் பட்டியலும் அவற்றுள் ஒன்று! உயிரணு பெருகும் வேகத்தோடு பெரும்பான்மை மரபணுக்கள் ஏதோ ஒரு வகையில் ஒத்தாடுவதே காரணம். ஆகவே 'புதிய குறியீடு கண்டுபிடிப்பு' என்ற செய்தியைப் படிக்கும்போது, வேறோர் ஊரின், வேறு நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்களா என்று மட்டும் நாங்கள் பார்க்கிறோம். பல கட்டுரைகள் அந்த இடத்தில் மௌனமாகிவிடும்.

பிழை இருபுறமும் ஒன்றல்ல. பரவாததைப் பரவியது என்றால் ஒரு தோள் போகும். பரவியதைப் பரவவில்லை என்றால் ஓர் ஆள் போவார். எனவே அந்தக் குறி 'இல்லை' என்று சொல்லும்போது ஏறக்குறையத் தவறவே கூடாது. அது மரபணு வரிசை இயந்திரங்களுக்குள் அடைபட்டுக் கிடப்பதாலும் பயனில்லை. வலையிலிருந்து தேர்ந்த மூன்று நான்கு புரதங்களை, நாக்கில் கிள்ளியெடுத்த சிறு துணுக்கில் சாயமேற்றி, அறுவைக்கு நாள் குறிக்குமுன் பார்த்துவிட வேண்டும். திருவள்ளூரில் 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி போன்றதொரு மாவட்ட ஆய்வகத்திலேயே செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒருநாள் விடுப்புக்கு ஒருநாள் கூலியை இழக்கும் சிப்காட் தொழிலாளி அதற்காக மும்பைக்குப் போகப்போவதில்லை.