கிரீஸ் கன்னும் ரப்பர் பூட்டும்

டாடா சியரா வந்தது 1991-இல். இண்டிகா 1998 டிசம்பரில். இரண்டும் எங்கள் புனேயின் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஆலையில் பிறந்தவை. நடுவில் ஏழே வருடம்தான். ஆனால் அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்கு இரண்டும் வேறு வேறு காலத்து வண்டிகள்.

சியரா, டாடாமொபைல் பிக்கப்பின் சேஸிஸ் மேல் எழுந்தது. 1,948 சி.சி. டீசல் என்ஜின் நெடுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிபரன்ஷியல் என்று விசை வண்டியின் நீளம் முழுக்க நடந்து பின்சக்கரத்துக்குப் போகும். இண்டிகாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. 1,405 சி.சி. என்ஜின் குறுக்காக இருக்கும், கியர்பாக்ஸுக்குள்ளேயே டிபரன்ஷியல். அங்கிருந்து இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டுகள் முன்சக்கரங்களைச் சுழற்றும்.

மழைக்காலத்தில் புனே அருகே சிம்மகட் கோட்டைப் பாதையில் ஏறினால் வித்தியாசம் தெரியும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். ஐந்து பேர் ஏறிய சியராவின் பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். அதே பாரத்தில் இண்டிகாவின் முன்சக்கரம் இலேசாகி, ஈரத்தில் வெறுமனே சுற்றப் பார்க்கும். வேறு ஆள் ஏறாமல் சமதளத்தில் போனால் கதை மாறும். என்ஜின் பாரம் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் இண்டிகா நேராக இழுக்கும். சியராவின் பின்பக்கமோ பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் துள்ளும்.

பழுதைக் கண்டுபிடிக்கும் வழியும் வேறு. சியராவை முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றும்போது 'டங்' என்றால் முதலில் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பேன். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் ஊளை மாறினால் சந்தேகம் டிபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் மேல். இண்டிகாவில் கை அவ்வளவு எளிதில் போகாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிப்பேன். 'டக் டக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் போய்விட்டது.

சியராவைச் செய்தவர்கள், யாராவது கிரீஸ் கன்னோடு அடியில் வருவார் என்று நம்பினார்கள். இண்டிகாவைச் செய்தவர்கள், யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, ஜாயின்டுக்குள் கிரீஸை அடைத்து ரப்பர் பூட் என்ற உறையால் மூடினார்கள். இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரியான கணக்கே. ஆனால் வண்டிக்கு வயதானால் ரப்பர் வெடிக்கும், கிரீஸ் சிதறும், சேறும் மணலும் உள்ளே போகும். சத்தம் கேட்கும்போது ஜாயின்ட் தேய்ந்து முடிந்திருக்கும்.

அதனால் பழைய இண்டிகா வாங்குபவரிடம் நான் சொல்வது இதுதான்: பெயின்டைப் பார்க்கும் முன் சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். கவனிப்பே வேண்டாம் என்று செய்த வண்டிக்குத்தான் முதுமையில் அதிகக் கவனிப்பு வேண்டியிருக்கிறது.